ரொட்டிக்கு நின்ற வரிசை

விழாவுக்கு முந்தின நாள் பார்த்துத்தான் சோளக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர் டிரம்மைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

"என்னங்க, கீழ எதையாச்சும் தேடுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளும் அவருடைய அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள்.

"பேரன் எடுத்த வயசுல டிரம் தூக்குறாராம் டிரம்மு. ஊர்ல ஆளா இல்ல?" என்றாள் அக்கா. அவள் தையல்காரி. கணவர் போனபிறகு தம்பி வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள். வீட்டில் யார் எது பேசினாலும் அந்த மிஷின் ஒரு நொடி நிற்கும், பிறகுதான் ஓடும்.

"கடையை யாரு பாக்குறது?" சோளக்காரருக்கு வலியைவிட அந்தக் கவலைதான் பெரிசாக இருந்தது.

அந்த ஊரில் கோடை உச்சிக்கு வரும்போது மக்காச்சோளம், தக்காளி, முலாம்பழம், பூசணி எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வந்து குவியும். அப்போது மூன்று நாள் மைதானத்தில் கூடாரம் போட்டு உணவு விழா நடத்துவார்கள். எந்தக் கடையில் எதை விற்றாலும் அது அந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். சாப்பிட்டவர்களுக்குப் பிடித்திருந்தால் அதில் ஒரு அவரை விதையைப் போட்டுவிட்டுப் போவார்கள். கடைசி நாள் எந்த ஜாடி நிறைந்திருக்கிறதோ அந்தக் கடைக்கு மேடையில் மரியாதை. விளைச்சலுக்கென்று தனியாக ஒரு நீல ரிப்பனும் உண்டு. அதற்கு விழாக் குழுவினரே கடை கடையாக வந்து ருசி பார்ப்பார்கள்.

ஜாடி விஷயத்தில் சோளக்காரர் என்றைக்கும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. கதிரை உப்புத் தண்ணீரில் வேகவைத்து விற்பார், அவ்வளவுதான். ஆனால் நீல ரிப்பன் அவருடையது. நடுவில் ஒரே ஒரு வருஷம் பூசணிக்காரர் தட்டிக்கொண்டு போனார். அந்த வருஷம் முழுக்க சோளக்காரர் வீட்டில் பூசணிக்காய் வாங்கவில்லை.

"நான் பாத்துக்குறேன்" என்றாள் மனைவி.

"நீயா?"

"ஏன், கதிரை வேகவைக்கத் தெரியாதா எனக்கு?"

தெரியாது என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாக விழா நாட்களில் அவள் வீட்டிலிருந்து சமைத்துக் கொடுத்தனுப்புவாளே தவிர, கடைக்குள் நின்றதில்லை. நிற்க வேண்டும் என்று அவளும் கேட்டதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை.

"வேகவைக்கிறது இருக்கட்டும். பறிக்கிறதுதான் முக்கியம். விடியறதுக்குள்ள பறிச்சாகணும். வெயில் ஏறிடுச்சுன்னா இனிப்பு இறங்கிடும். ஓடைப்பக்கம் இருக்கிறதுதான் இப்ப பால் பிடிச்சு நிக்குது. மேட்டுப் பாத்தி முத்திப்போச்சு, அது மாட்டுக்கு. அந்தப் பக்கமே போக வேணாம்னு ஆள்கிட்ட சொல்லிடு."

"இதை நீங்க எனக்குச் சொல்லணுமா? விதை போடும்போது பின்னாலயே வந்தது யாரு?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

*

முதல் நாள் முழுக்கச் சூடான தவிட்டு மூட்டையால் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். வெளியே வெயில் காய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே புழுதிக் காற்று. மைதானத்து ஒலிபெருக்கி மட்டும் வீட்டுக்குள் இருப்பதுபோலத் தெளிவாகக் கேட்டது. தொலைந்துபோன செருப்பு, வழியை மறித்து நிற்கும் வண்டி, முலாம்பழச் சாறு இன்னும் இருக்கிறது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் இப்படிச் சொன்னது:

"சோள ரொட்டிக் கடைக்கு வரிசையில நிக்கிறவங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. மத்த கடைக்குப் போறவங்களுக்கு வழி விடுங்க."

சோளக்காரர் தலையைத் தூக்கினார். இடுப்பில் சுருக்கென்றது.

"அக்கா! சோள ரொட்டியா? யாரு கடை அது?"

முன்னறையில் மிஷின் நின்றது. "சோளக் கடை உன்னைவிட்டா விழாவுல யாரு போட்டிருக்கா? நம்ம கடைதான்."

"நம்ம கடையில ஏது ரொட்டி?"

"அதை உன் பொண்டாட்டி வந்ததும் கேளு." மிஷின் ஓட ஆரம்பித்தது. பிறகு அக்காவே பொறுக்க முடியாமல் மிஷினை நிறுத்திவிட்டு, ஊசியைப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

ரொட்டி என்றதும் எந்த ரொட்டி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விற்காமல் மிஞ்சுகிற கதிர்களை உதிர்த்து, அரைத்து, தக்காளியும் பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, தட்டையாகத் தட்டி இரும்புக்கல்லில் சுடுவாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருக்கும். அவர் சாப்பிடுவார். நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. "நல்ல சோளத்தை எதுக்கு இப்படி அரைச்சுக் கெடுக்குற?" என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அக்கா திரும்பி வந்தபோது அவள் வாய் முழுக்க ரொட்டி.

"அடேயப்பா! வரிசை எங்க போய் நிக்குதுங்குற? மேடை வரைக்கும். என்னையே வரிசையில நிக்கச் சொல்லிட்டாங்கடா. நாத்தனார்னு சொன்னாலும் விடல. அந்த ரொட்டிக்கடைக்காரன் இருக்கானே, அவன்தான் பெரிய இரும்புக்கல்லும் அடுப்பும் குடுத்திருக்கான். பக்கத்துக் கடைதானே அவனுக்கு. தன் கடையை விட்டுட்டு வந்து, 'தங்கச்சி, தீயைக் குறைச்சுக்கோ, தங்கச்சி, இப்ப திருப்பு'ன்னு ஒரே கூத்து. இவளும் சிரிக்கிறா. இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"சிரிக்கிறாளா?"

"சிரிச்சா என்ன, வாயை மூடிக்கிட்டா வியாபாரம் பண்ணுவாங்க?"

சோளக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வயிற்றுக்குள் யாரோ கரித்துண்டைப் போட்டு விசிறுவதுபோல இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். முகமெல்லாம் அடுப்புக் கரி, நெற்றியில் மாவு. கண்ணில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"ஏங்க, வெந்த கதிர் மத்தியானத்துக்கு மேல யாரும் வாங்கலங்க. வெயில்ல யாரு சுடச்சுட கதிரைக் கடிப்பாங்க? மிஞ்சிப் போயிடுமேன்னு சும்மா ரெண்டு ரொட்டி தட்டினேன். ரெண்டு போய் நாலு, நாலு போய்… கை வலி எடுத்துடுச்சு. ஒரு அம்மா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இதை எங்க கத்துக்கிட்ட'ன்னு கேட்டாங்க. எங்க வீட்டு அடுப்படியிலன்னு சொன்னேன்."

"கதிர் எவ்வளவு போச்சு?"

"எல்லாம் போச்சு. அரைச்சுட்டேனே."

"அரைச்சுட்டேங்குற. முழுக்கதிரா கண்ணால பாத்து வாங்கினாதான் அது என் சோளம்னு தெரியும். மாவாக்கிட்டா யாரு சோளமோ, எவன் சோளமோ."

அவள் முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. "இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தவிட்டு மூட்டையைச் சூடாக்கப் போனாள்.

*

மறுநாள் அவர் வீட்டில் கிடக்கவில்லை. கையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கடைக்குப் பின்னால், கோணிப்பைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மனைவியின் முதுகு தெரியும். அவள் தோளுக்கு மேல் வாடிக்கையாளர்களின் முகங்கள் தெரியும். அவர் முகம் யாருக்கும் தெரியாது.

அவள் வேலை செய்வதை அவர் அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தார். இடதுகையில் கதிரைப் பிடித்து, வலதுகைக் கட்டைவிரலால் ஒரு வரிசை மணியை நெம்பிவிட்டால் மற்ற வரிசையெல்லாம் சரசரவென்று உதிர்ந்தன. அரைத்த மாவை ஈரத்துணியில் தட்டி, கல்லில் சாய்த்துப் போட்டாள். புகையில் கண் எரிந்தாலும் கை நிற்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஏதாவது ஒரு வார்த்தை. "பொறுங்க, ஓரம் இன்னும் சிவக்கணும்." "நேத்தும் வந்தீங்கல்ல? உங்களுக்கு மிளகாய் கம்மியா?" நேற்று வந்தவர்களை எல்லாம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியத்தைத் தொடர்ந்து எரிச்சல் வந்தது. ஜாடியில் அவரை விதை டக்டக்கென்று விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு டக்கும் அவர் மண்டையில் விழுந்தது.

ரொட்டிக்கடைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, கையெல்லாம் மாவு.

"வாங்க மச்சான்! இடுப்பு எப்படி? தங்கச்சி கலக்குது பாத்தீங்களா? இவ்வளவு நாளா இதை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தீங்களே, உங்களை என்ன பண்றது?"

"நான் யாரையும் பூட்டல" என்றார் சோளக்காரர்.

"அட, சும்மா சொன்னேன் மச்சான்" என்று அவர் தோளில் தட்டிவிட்டு, மனைவிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போனார். அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அண்ணே, உங்க கடையில ஆள் நிக்குது பாருங்க, போங்க" என்று விரட்டினாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போது வரிசையில் நின்ற ஒரு வெளியூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "பின்னால உக்காந்திருக்கிறது யாருங்க?"

"அவரா? ரொட்டிக்காரம்மா வீட்டுக்காரர்" என்றார் பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர்.

அந்த உள்ளூர்க்காரர் சோளக்காரரிடம் பத்து வருஷமாகக் கதிர் வாங்குகிறவர்.

சாயங்காலம் வீட்டில் அக்காதான் அடுத்த சேதியைச் சொன்னாள். "அந்த ரொட்டிக்கடைக்காரன் உன் பொண்டாட்டியைக் கடைக்கே வரச் சொல்லிட்டானாமே? விழா முடிஞ்சதும் தினமும் காலையில ஒரு அடுப்பை அவளுக்கே விட்டுடறானாம். ஊரெல்லாம் பேசிக்குது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் அவரைக் கொன்றது. மனைவி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை.

"எனக்கு அவனைக் கண்டாலே பிடிக்கல. தங்கச்சின்னு கூப்பிட்டா எல்லாம் சரியாப் போச்சா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரு மேலடா உனக்குப் பொறாமை? அவன் மேலயா? அவன் கெட்டவன் இல்லைன்னு உனக்கே தெரியும். உனக்கு அந்த வரிசை மேலதான் பொறாமை. வாழ்நாள்ல உன் கடைக்கு அப்படி ஒரு வரிசை நின்னதில்ல."

"வாயை மூடு அக்கா."

"நான் மூடினாலும் அதுதான் நிஜம்."

*

கடைசி நாள் விடிவதற்கு முன்பே மனைவி கிளம்பிவிட்டாள். அடுப்பு மூட்ட வேண்டும், தக்காளி நறுக்க வேண்டும். "ஆளு வந்தா ஓடைப்பக்கம் பறிச்சு நேரா மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏதோ சொல்ல வந்தவள்போல வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். "சாயந்தரம் உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்றாள். போய்விட்டாள்.

என்ன கேட்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வந்து என்னைக் கேட்கப்போகிறாளாக்கும் என்று நினைத்தார். அந்தச் சேதியை ஊருக்குச் சொன்னது அவள் இல்லை, ரொட்டிக்கடைக்காரரின் பெரிய வாய் என்பது அவர் மனசில் ஏறவே இல்லை.

பறிக்கிற ஆள் கூடையோடு வந்து நின்றார்.

"மேட்டுப் பாத்தியில பறிச்சுட்டுப் போ" என்றார் சோளக்காரர்.

ஆள் தலையைச் சொறிந்தார். "மேட்டுப் பாத்திங்களா? அது முத்திப்போச்சேங்க. மாட்டுக்குன்னுல்ல விட்டீங்க?"

"சொன்னதைச் செய்யேன்."

"அம்மா ஓடைப்பக்கம்னாங்களே."

"காடு யாருது? அம்மாவுதா, என்னுதா?"

ஆள் கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். சோளக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டு நிறுத்த எவ்வளவோ நேரம் இருந்தது. மெதுவாக நடக்கிற மனுஷன் அந்த ஆள். ஆனால் கூப்பிடவில்லை.

மைதானத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கூடைகள் முன்பே வந்திருந்தன. மனைவி ஒரு கதிரின் தோகையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணியெல்லாம் கெட்டித்து, மஞ்சள் ஏறி, மேலே குழி விழுந்திருந்தது. அவள் இன்னொன்றை உரித்தாள். இன்னொன்று. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் பார்த்தது, தெரிந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அது வேறு யாருடைய வீடோ என்று திகைக்கிறவர்கள் பார்ப்பதுபோல இருந்தது.

வரிசை அதற்குள் சேர்ந்துவிட்டது. அவள் உதிர்க்க ஆரம்பித்தாள். மணி விடவில்லை. கத்தியால் சீவ வேண்டியிருந்தது. இரண்டு தரம் அரைத்தாள், தண்ணீர் கூட ஊற்றினாள், தக்காளி அள்ளிப் போட்டாள். என்ன செய்தாலும் மாவு மணல்மாதிரி நின்றது. தட்டினால் ஓரம் வெடித்தது.

முதலில் வாங்கினவர் விதை போடாமல் ஜாடியைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. சோளக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டக் சத்தம் வராததைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் எவ்வளவு நேரம் இருந்ததென்றால், ஒரு பெரியம்மா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு இப்படிச் சொல்லும் வரைக்கும்தான்:

"பாவம், இந்தப் பொண்ணு கை நல்ல கைதான். சோளம்தான் மாட்டுத் தீவனம்."

"ஆமாங்க. சோளக்காரர் சோளமா இது? கற்கண்டு மாதிரி இனிக்குமே அவர் சோளம். வயசாயிடுச்சு, கவனிக்கிறதில்லபோல" என்றார் இன்னொருவர்.

சோளக்காரருக்குக் காது இரண்டும் சுட்டது. இதை அவர் யோசிக்கவே இல்லை. ரொட்டி கெட்டால் அவள் பேர் கெடும் என்றுதான் நினைத்தார். இங்கே தன் பேரல்லவா தெருவில் உருள்கிறது!

அதே நேரத்தில் விழாக் குழுவினர் ரிப்பனோடு வந்து நின்றார்கள். முன்னால் குழுத் தலைவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார்.

"என்ன சோளக்காரரே, இந்த வருஷம் இப்படி?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை.

"சோளத்து மேல குறை இல்லீங்க" என்றாள் மனைவி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னுது. மாட்டுக்கு ஒதுக்கின கதிரை அள்ளி மாவுல கலந்துட்டேன். கூட்டம் அதிகமா இருக்கே, பத்தாம போயிடுமேன்னு. அவர் சோளம் இதுங்க."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஈரச் சாக்கை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஐந்தாறு கதிர், தோகை வாடாமல் பச்சையாக இருந்தன. வருகிற வழியில், இருட்டு பிரிவதற்குள் ஓடைப்பக்கம் இறங்கி அவளே பறித்து வைத்திருந்தாள். அவரால் குனிய முடியாது, ரிப்பனுக்கு நல்லதாக நாலு கதிர் வேண்டுமே என்று. ஒன்றை உரித்துத் தலைவரிடம் நீட்டினாள். அவர் பச்சையாகவே கடித்தார். பால் தாடையில் வழிந்தது.

"ஆங்! இது சோளம்!" என்றார்.

பின்னால் வரிசை கலைந்துகொண்டிருந்தது. "மாட்டுச் சோளத்தைக் கலந்து வித்திருக்கா பாரேன். ரெண்டு நாள் கூட்டத்தைப் பாத்ததும் பேராசை" என்று யாரோ சொன்னது அவளுக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள். சோளக்காரர் இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்தது. தலைவர் கையில் நீல ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் விழுங்கிவிட்டார்.

ஜாடிக்கான மரியாதை முலாம்பழக்கார அம்மாவுக்குப் போனது. ரிப்பன் சோளக்காரருக்கு வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். கைதட்டினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் அவள் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் அக்கா ரிப்பனைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், மனைவி முகத்தைப் பார்த்தாள். மிஷினை ஓட்டவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

மனைவி கால் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஆளு சொல்லிட்டாரு. நீங்கதான் மேட்டுப் பாத்தின்னு சொன்னீங்கன்னு. அவர் சொல்லலன்னாலும் எனக்குத் தெரியும்."

அவர் ரிப்பனை மடித்துத் தலையணைக்கடியில் தள்ளினார்.

"எனக்குப் பிடிக்கல, நீ கடையில நிக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டியா?"

"நின்னிருக்க மாட்டேன். பேசாம வீட்டுக்கு வந்திருப்பேன். அதை நெனைச்சாதாங்க எனக்கு வயிறு எரியுது." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு நாள், ஏங்க. ரெண்டே நாள் நாலு பேர் என்னைத் தேடி வந்தாங்க. உங்களுக்கு ரிப்பன் வரும்போதெல்லாம் நான் ஊருக்கெல்லாம் சொல்லுவேன். எனக்கு ஒருநாளும் வயிறு எரிஞ்சதில்ல. உங்களுக்கு மட்டும் ஏன் எரிஞ்சுது?"

"எல்லாரும் உன்னையே… நான் ஒருத்தன் பின்னால உக்காந்திருக்கேன்…" அவருக்கே அது சின்னப்பிள்ளை பேச்சாகத் தெரிந்தது. நிறுத்திக்கொண்டார். "அங்க ஏன் பழியை உன் மேல போட்டுக்கிட்ட? சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பிறகு அவள் எழுந்தாள்.

"ரொட்டிக்கடை அண்ணன் வேலைக்குக் கூப்பிட்டாரு. உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னிக்குச் சாயந்தரம் கேக்கலாம்னு இருந்தேன்." உள்ளே போகத் திரும்பினாள். "இப்ப கேக்கல. காலையில போறேன்."

*

காலையில் அவர் விழித்தபோது கட்டிலின் மறுபக்கம் காலியாக இருந்தது. அடுப்படியில் அவருக்கு வேண்டியதெல்லாம் மூடி வைத்திருந்தது. ஒன்றும் குறையில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா தடுத்தும் கேட்காமல் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. மைதானத்தில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைவீதி மூலையில் ரொட்டிக்கடை. வாசலில் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். விழாக் கூட்டம் இல்லை, தினமும் வருகிறவர்கள்தான். அவர்களில் நேற்று பேராசை என்று சொன்னவரும் இருந்தார். பாதிப் பேர் வழக்கமான ரொட்டிக்குத்தான் வந்திருந்தார்கள். "சோள ரொட்டியா? அது வேணாம்பா" என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது.

சோளக்காரர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"என்ன சோளக்காரரே, நீங்களுமா வரிசையில? உள்ள போங்க, உங்க வீட்டம்மாதானே!" என்றார் முன்னால் இருந்தவர்.

"இல்ல, நிக்கிறேன்."

இடுப்பு வலித்தது. நின்றார். வரிசை நகர நகர நகர்ந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளே அவள் தெரிந்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, புது அடுப்பின் முன்னால் நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டினாள். சிரிக்கவில்லை.

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து அந்தச் சோளத்தை அவ கலக்கல. முத்தினதுன்னு தெரிஞ்சே நான்தான் அனுப்பினேன். அவளுக்கு வரிசை நின்னது எனக்குப் பொறுக்கல. அவ என் மானத்தைக் காப்பாத்தப் பொய் சொன்னா. நான் வாயை மூடிக்கிட்டு ரிப்பனை வாங்கிட்டு வந்துட்டேன்."

நேற்றுப் பேசினவர் தரையைப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் கையில் இருந்த மாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

மனைவி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது சிவக்கும் வரை காத்திருந்தாள். பிறகுதான் ஜன்னலுக்கு வந்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

ஒரு ரொட்டியை இலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் தோளைத் தாண்டிப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அவர் ஓரமாக ஒதுங்கி, சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். ஓரம் மொறுமொறுவென்றிருந்தது, நடுவில் மெத்தென்றிருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர், நேற்றுப் பேசினவர்தான், இரண்டு கேட்டு வாங்கினார். அதற்கடுத்தவரும் கேட்டார். உள்ளே ரொட்டிக்கடைக்காரர் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார், அவள் வாங்கிக் குடித்தாள். அதைப் பார்த்ததும் சோளக்காரரின் வயிற்றில் பழைய கரித்துண்டு மறுபடியும் கனன்றது. போய்விட்டது என்று அவரால் பொய் சொல்ல முடியாது. போகவில்லை.

இலையில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கையும் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரத்திலிருந்து சொன்னால் அவளுக்குக் கேட்காது.

கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து, வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றார்.